பால் ஊற்ற மறந்தோம்

நமது வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கிறது. அதற்கு டயர் உண்டு, ட்யூப் கிடையாது. ட்யூப் இல்லையென்றால் காற்று எங்கே தங்கும் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். நமது குமாரன் பொறுமையுடன் விளக்கினான். டயரின் ஓரம் ரிம்மை இறுகக் கவ்விக்கொள்ளுமாம். ஆரக் கம்பிகளின் துவாரங்களை ஒரு நாடா மூடியிருக்குமாம். உள்ளே சுமார் இரண்டு அவுன்ஸ் ரப்பர் பால் இருக்குமாம். முள் குத்தினால் காற்றோடு பாலும் வெளியே வந்து, வந்த இடத்திலேயே உறைந்து துவாரத்தை அடைத்துவிடும். அடைபடாவிட்டால் துவாரத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பிச் சற்று வைத்திருக்க வேண்டும். அதற்கும் மசியாத பெரிய துவாரத்துக்கு ஊசியால் ஒரு ரப்பர் திரியைச் செருகினால் தீர்ந்தது!

1888-ம் வருஷத்தில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்ற நாள் முதல், பஞ்சர் என்பது சைக்கிளோடு கூடப் பிறந்த வியாதி. 1999-ல் மாவிக் என்னும் பிரெஞ்சுக் கம்பெனி மலைப்பாதைச் சைக்கிள்களுக்கு ட்யூப் இல்லாத சக்கரத்தை வெளியிட்டது. அந்த வியாதிக்கு மருந்து வந்துவிட்டதென்றே நாம் நம்பினோம்.

சென்ற வருஷம் குமாரன் உத்தியோக நிமித்தம் வெளியூர் புறப்பட்டான். ரயிலடியில், "அப்பா! மூன்று மாதத்துக்கு ஒரு முறை பால் ஊற்ற மறந்துவிடாதீர்கள். அது உள்ளேயே காய்ந்துவிடும்" என்றான். பிரயாணம் கிளம்பும் வேளையில் பால் ஊற்றுகிற பேச்சா என்று அவன் தாயார் கோபித்துக்கொண்டாள்.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறும் ஆயிற்று. அலமாரியில் பால் புட்டி அப்படியே இருந்தது. "பால் ஊற்றினீர்களா?" என்று குமாரன் டெலிபோனில் கேட்டபோது, "ஊற்றியாயிற்று" என்றோம். சக்கரம் நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தபடியால் அந்தப் பொய் நமக்கே பொய்யாகத் தோன்றவில்லை.

ஒரு நாள் மாலை, பரமக்குடிக்கு அருகே ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் பாலக்கட்டையில் சற்று உட்கார்ந்தோம். முன் சக்கரத்தில் சீமைக் கருவேல முட்கள் தைத்திருப்பது கண்ணில் பட்டது. 'அடடா!' என்று பரிவுடன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். முதல் முள்ளுக்கு 'புஸ்' என்றது. ஏழாவது முள் வருவதற்குள் சக்கரம் தரையோடு படுத்துவிட்டது. இருட்டில் இரண்டு மைல் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். "பால் இருந்தால் சளசளவென்று கேட்கும், ஸார். ஒரு சொட்டுக்கூட இல்லை. முள்ளை ஏன் பிடுங்கினீர்கள்? இத்தனை நாளும் அதுதானே ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது?" என்றார்.

"திரி போடக்கூடாதா?"

"ஒரு ஓட்டைக்கு ஒரு திரி போடலாம். ஏழு திரி போட்டால் அது டயரா, ஸார்? ட்யூப் போட்டுத்தான் வீடு போக வேண்டும். ஆனால் இந்த ரிம்முக்கு வால்வு மெல்லியதாக இருக்க வேண்டுமே, நம்மிடம் இல்லை."

ஆசனத்தின் கீழ் தொங்கிய சிறு பையை அவரே திறந்து பார்த்தார். மெல்லிய வால்வுடன் ஒரு புது ட்யூப் அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

டயரைப் பிரித்ததும் காய்ந்த பால் பாம்புச் சட்டைபோல் உரிந்து வந்தது. அவர் துணியைச் சுருட்டி உட்புறம் முழுதும் தடவினார். துணி சிக்கிய இடத்திலெல்லாம் ஓர் ஒடிந்த முள் முனை இருந்தது. "இவற்றை எடுக்காமல் ட்யூப் போட்டால், பத்தடி போவதற்குள் மறுபடியும் பஞ்சர்" என்றார்.

அன்றிரவு குமாரனை அழைத்து உண்மையைச் சொன்னோம். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பையில் ட்யூப் இருந்ததா, அப்பா?" என்று கேட்டான்.

"இருந்தது."

"நீங்கள் மறந்துவிடுவீர்கள் என்று தெரிந்துதான் வைத்தேன்."

நமக்குப் பதில் பேச நா எழவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை புது டயர் வாங்கி, ஓரத்தில் சோப்பு நீர் தடவி, புட்டியை நன்றாகக் குலுக்கிப் பால் ஊற்றினோம். வேகமாகக் காற்றடித்ததும் டயர் 'டப்' என்று ரிம்மில் உட்கார்ந்தது. ரயிலடியில் கோபித்துக்கொண்ட அதே அம்மாள் இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைத் தேடி, பென்ஸிலால் 'பால்' என்று எழுதி வைத்தாள்.