தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஜப்பான்காரன் நோட்டீஸ்

அந்த நோட்டீஸை லேமினேட் பண்ணிடலாம் என்று வீட்டில் ஆளாளுக்கு யோசனை. ஒரே பிடியாக மறுத்துவிட்டேன். அந்தச் சூடும் பசையும் பழைய தாளுக்கு எமன்.

1944இல் இம்பால் போர்முனையில் இந்தியச் சிப்பாய்களுக்காக ஜப்பானியர் வீசிய துண்டுப் பிரசுரம் அது. தாத்தா அப்போது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். ‘வெள்ளைக்காரனுக்காக ஏன் சாகிறாய், இந்தப் பக்கம் வா’ என்பதுதான் சாரம். அந்தப் பக்கம் நேதாஜி படையில் மலாயாத் தோட்டத் தமிழர்களும் இருந்தார்கள். தாத்தா போகவில்லை, தாளைக் கிழித்தும் போடவில்லை. ஏன் என்று பாட்டிக்கே தெரியாது. எனக்கு அதுதான் பிரசுரத்தைவிடப் பெரிய விஷயம்.

மட்டமான மரக்கூழ்த் தாள், வெளிச்சம் பட்டாலே பழுப்பேறும். துருவேறிய குண்டூசியைக் கழற்றி, ஸ்கேன் எடுத்து, அமிலமில்லாத தாளுக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இருந்தால் படம் போடுங்கள். செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், சாமி!