வல்லவன் - முழுசா கேட்டீங்களா?

யோகி பி & நட்சத்திரா கூட்டணியோட முதல் ஆல்பம் "வல்லவன்" (2006). பேச்செடுத்தா எல்லாரும் "மடை திறந்து"லயே நின்னுடறாங்க. அது ராஜா மெட்டு ("நிழல்கள்", 1980), பிடிக்காம போகுமா? மீதியையும் கேளுங்க மக்களே! சினிமாவை நம்பாம மலேசியத் தமிழ்ப் பசங்க பண்ணினது. பீட் வெளியூரு, அடுக்கடுக்கா விழற எதுகை நம்மூரு.

செம்பூர்ல வளர்ற என் பையன், தமிழ்ல கேட்டா இந்திலதான் பதில் சொல்லுவான் (திட்டினா மராத்தி!). இந்த ஆல்பத்தை மட்டும் மூச்சு விடாம கூடவே ஒப்பிக்கறான்.

பக்கத்துல தாராவியில டோபடெலிக்ஸ் பசங்களும் தமிழ்ல ராப் பண்றவங்கதான். 2018ல "காலா" பாடல்கள்ல அவங்களும் இருக்காங்க, யோகி பியும் இருக்கார். பையன்கிட்ட சொன்னேன்.

"தாராவியா? நம்ம தாராவியாப்பா?"ன்னான். தமிழ்ல.