அந்த விமானம் யாரைக் கேட்டுக்கொண்டு வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வந்து இறங்கினால் தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கடைசி ஐந்து நிமிடத்தைத்தான். கதவு திறக்கும், கையசைப்பார், படியிறங்குவார், பூங்கொத்து வாங்குவார். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பற்றி நானும் பல வருடம் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு ஐந்தாம் வகுப்புச் சிறுமி.

2019 அக்டோபர். சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வருகிறார் என்று எங்கும் அதே பேச்சு. வகுப்பில் உலக வரைபடத்தை மாட்டி, பெய்ஜிங் எங்கே, சென்னை எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, "டீச்சர், நடுவுல இவ்ளோ நாடு இருக்கே, எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வருவாரா?" என்றாள். "நாளைக்குச் சொல்றேன், உட்காரும்மா" என்றேன். அந்த 'நாளைக்கு'க்காகப் படிக்க ஆரம்பித்தது இன்றுவரை தொடர்கிறது.

அவள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில்: ஆமாம்.

1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. ஒரு நாட்டின் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலே இருக்கும் வானம் முழுக்க அந்த நாட்டுக்கே சொந்தம் என்று அதன் முதல் பிரிவு சொல்கிறது. மூன்றாம் பிரிவு இன்னும் கறார். ராணுவம், சுங்கம், காவல் பணிகளுக்கான அரசு விமானங்கள் இன்னொரு நாட்டின் அனுமதி இல்லாமல் அதன் மேலே பறக்கவும் கூடாது, இறங்கவும் கூடாது. தலைவர்கள் வரும் தனி விமானங்களையும் பொதுவாக இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். நாமெல்லாம் டிக்கெட் எடுத்துப் போகும் விமானத்துக்கு நாடுகளுக்குள் நிரந்தர ஏற்பாடு இருக்கிறது. தலைவரின் விமானத்துக்கோ ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கேட்பதுதான் வழக்கம்.

எப்படிக் கேட்பார்கள்? வருகிறவரின் தூதரகம் நம் வெளியுறவு அமைச்சகத்துக்கு முறைப்படி ஒரு குறிப்பு அனுப்பும். விமானத்தின் வகை, பதிவு எண், வானொலியில் அழைக்கும் பெயர், எந்த இடத்தில் நம் வான்வெளிக்குள் நுழையும், எங்கே வெளியேறும், எத்தனை மணிக்கு, விமானிகள் யார், மெய்க்காவலர்கள் ஆயுதம் கொண்டுவருகிறார்களா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். விமானப் போக்குவரத்துத் துறையும் விமானப்படையும் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் அனுமதி எண் கிடைக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிடமும் இதே கதைதான். கார்களையும் பாதுகாப்புச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே வரும் விமானத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஷி ஜின்பிங் மறுநாள் சென்னையிலிருந்து நேரே காத்மாண்டு போனார். அதற்கு நேபாளத்தின் சம்மதம் தனி.

வீட்டு வாசலில் நின்று "வீட்ல யாருங்க?" என்று குரல் கொடுத்துவிட்டு, "வாங்க" என்ற பதில் வந்த பிறகு படியேறுகிறோமே, அதைத்தான் இங்கே காகிதத்தில் செய்கிறார்கள். வகுப்பில் இப்படிச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"வராதீங்க" என்று சொன்னதும் உண்டு. 2013 ஜூலையில் பொலிவியா அதிபர் ஈவோ மொராலஸ் மாஸ்கோவிலிருந்து ஊர் திரும்பும்போது, அமெரிக்கா தேடிக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்னோடனை அவர் ஒளித்துக் கூட்டிப்போகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஐரோப்பாவில் சில நாடுகள் வழி மறுத்தன. விமானம் வியன்னாவில் இறங்கியது. ஒரு நாட்டின் அதிபர் இரவு முழுக்க அங்கே காத்துக்கிடந்தார். ஸ்னோடன் அதில் இல்லவே இல்லை! பின்னால் பிரான்ஸ் வருத்தம் தெரிவித்தது.

நம் கதைக்கு வருவோம். 2019 செப்டம்பரில் நம் குடியரசுத் தலைவர் விமானத்துக்கும் பிரதமர் விமானத்துக்கும் பாகிஸ்தான் வழி தர மறுத்தது. ஆனால் 2021 பிப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் இலங்கைக்குப் போக, நம் வான்வெளி வழியே பறக்க இந்தியா அனுமதி கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும், சந்து வழியே போகிறவரைத் தடுக்காமல் இருப்பது ஒரு பெரிய மனசு.

இறங்கிய பிறகு இன்னொரு கணக்கு தொடங்குகிறது. வரவேற்கப் போவது யார்? தில்லியில் பொதுவாக அமைச்சர் ஒருவர் விமான நிலையம் போவார், பிரதமர் போகமாட்டார். 2015-இல் ஒபாமா வந்தபோது பிரதமரே நேரில் போனார், அது செய்தியானது. 2018-இல் கனடா பிரதமர் ட்ரூடோவை வேளாண் துறை இணை அமைச்சர் வரவேற்றார், அதுவும் செய்தியானது. 2016-இல் ஒபாமா சீனாவின் ஹாங்சோவில் இறங்கியபோது சிவப்புக் கம்பளம் விரித்த படிக்கட்டு வரவில்லை. விமானத்தின் அடிப்பகுதியில் இருந்த சின்னப் படியில் இறங்கி வந்தார். ஒரு ஏணி இல்லாமல் போனதை உலகமே வாரக்கணக்கில் பேசியது.

ஏணி என்றதும் நினைவு வருகிறது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையன் இன்று விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறான். "டீச்சர், விமானம் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னாக்கூட கதவு ஒரு பக்கம், கம்பளம் ஒரு பக்கம் ஆயிடும். தரையில கோடு போட்டு வெச்சு ஒத்திகை பார்ப்போம். டிவியில எங்க முகம் தெரியக் கூடாது. தெரிஞ்சா எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்" என்றான். இரண்டாம் வாய்ப்பாடு வராமல் அழுதவன். இப்போது அங்குலக் கணக்கில் பேசுகிறான்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு ஊர் வழியாக வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் காரில் போனார். ஊர், பள்ளி, அதிகாரி பெயர் எதுவும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கே பிள்ளைகளைச் சாலையோரம் நிறுத்தச் சொல்லி உத்தரவு. கையில் காகிதக் கொடி, தலைக்கு மேலே வெயில். பக்கத்து வீட்டில் குடம் வாங்கி, நானும் சத்துணவு ஆயாம்மாவும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒரு மணிக்கு மேல் கார்கள் வந்தன. கண்ணாடி ஏற்றிய பத்துப் பன்னிரண்டு கார்கள், அரை நிமிடம்கூட இல்லை. கொடியை ஆட்டி முடித்த ஒரு பிள்ளை என் சேலையைப் பிடித்து, "டீச்சர், அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டது.

அந்த விருந்தினரின் விமானத்துக்கு எத்தனை கையெழுத்து வாங்கியிருப்பார்கள்! வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்ட அத்தனை அனுமதி. நாலு மணி நேரம் வெயிலில் நிற்க வைப்பதற்கு அந்தப் பிள்ளைகளையோ பெற்றவர்களையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விருந்தோம்பல் நம் ரத்தத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. தப்பாட்டமும் நாதஸ்வரமும் வரவேற்கட்டும். பிள்ளைகளும் வரட்டும், நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் ஏற்பாடு செய்துவிட்டு, வர விருப்பப்படுகிறவர்கள் மட்டும்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை ஒரு தலைவர் வரும்போது வரைபடத்தை மாட்டி இந்தப் பாடத்தை நடத்துங்கள். பிள்ளைகளைச் சாலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நிழல் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு நாட்டின் அதிபரே கேட்டுக்கொண்டுதான் வருகிறார். நாம் கேட்பதில் தப்பே இல்லை.