என் பெயரும் அவன் எழுத்தும்

அச்சிலே தம் பெயரைக் காண விரும்பாத ஆசிரியரும் உளரோ? ஆயினும், கல்வியாய்வு இதழொன்றுக்கு என் கட்டுரையை அனுப்புமுன் முதலில் நீக்கவேண்டியிருந்தது என் பெயரைத்தான். மதிப்பிடுவோர் ஆளைப் பாராது எழுத்தையே பார்க்கவேண்டும் என்பது அங்கு விதி.

அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவரின் மயக்கமே என் பொருள். நான்கு ஆண்டுகள் பிழைகளைத் திரட்டினேன். 250 சொற்களுக்குள் சுருக்கம் எழுதவே மூன்று இரவுகள் சென்றன.

சில மாதங்களின் பின் வினா வந்தது: பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே? திகைத்தேன். மருத்துவ ஆய்வுக்கென 1964இல் ஹெல்சிங்கியில் வகுத்த நெறி போன்றதொன்று என் வகுப்பறைக்கும் உண்டென எண்ணியிருக்கவில்லை. என் மாணவர்தாமே என்றிருந்துவிட்டேன்!

படிவங்களுடன் வீடு வீடாகச் சென்றேன். பலர் வாசியாமலே ஒப்பமிட்டனர், அதுவும் உறுத்திற்று. ஒரு தாய் மட்டும், மகனின் கொப்பிப் பக்கத்தை நான் படமாக இணைத்திருந்ததைக் கண்டு, "மாஸ்ரர், உங்கட பேரை எடுத்துப்போட்டியள். என்ர பிள்ளையின்ர எழுத்து அப்பிடியே கிடக்குது" என்றார்.

கட்டுரைக்கு உயிரான சான்று அப்பக்கந்தான். அன்றிரவே அதை நீக்கி, திருத்திய பிரதியை அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.