குசினிக்கு வந்த இரும்படுப்பு

பழம்பொருள்மீது எமக்கு மோகம் எக்காலத்திலும் இருந்ததில்லை. அப்படியிருந்தும், நூறு கிலோவுக்கு மேல் நிறையுள்ள ஓர் இரும்புக் காஸ் அடுப்பை விலைகொடுத்து வாங்கி, கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிக்கு ஏற்றிவந்து, கதவு நிலையைப் பெயர்த்துக் குசினிக்குள் புகுத்தினோம். இதற்குக் காரணம் எமது இல்லாளின் ஆசை பாதி. எமது அசட்டுத் துணிவு மறுபாதி.

கொட்டாஞ்சேனையில் இடிபடவிருந்த ஒரு பழைய வீட்டில் அதனைக் கண்டோம். மாடிமனை எழுப்புவதற்காக அவ்வீடு கைமாறியிருந்தது. வீட்டுக்கார அம்மையார் எண்பதைக் கடந்தவர். கதிரை, மேசைகளை உறவினருக்குக் கொடுத்துவிட்டு, அடுப்பை மாத்திரம் என்ன செய்வதென்று அறியாதிருந்தார். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் நிறைக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். "உடைத்துத்தான் கொண்டுபோவாராம்" என்று சொன்னபோது அம்மையாரின் குரல் தளர்ந்தது. அவருடைய தாயார் நத்தார் கேக் சுட்ட போறணை அது. வியாபாரி சொன்ன விலையையே நாமும் கொடுத்தோம்.

வார்ப்பிரும்பு உடல், அதன்மேல் பால்நிற எனாமல் பூச்சு, வளைந்த நான்கு கால்கள். மேலே நான்கு எரிவாய்கள், கீழே போறணை, பக்கத்தில் இலக்கங்கள் பொறித்த ஒரு குமிழ். 'ரெகுலோ' என்னும் அக்குமிழ்தான் அடுப்பின் பெருமை. போறணையின் வெப்பம் கூடினால் தானே காஸைக் குறைத்து, குறைந்தால் தானே கூட்டும் இக்கருவியை இங்கிலாந்தின் ரேடியேஷன் நிறுவனம் 1923இல் அறிமுகஞ் செய்தது. அதற்கு முன்னர், போறணைக்குள் ஒரு துண்டுக் கடதாசியை வைத்து, அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்த்தே சமையற்காரர் வெப்பத்தை மதிப்பிட்டனர்.

காஸில் சமைப்பது அன்றும் புதுமையன்று. நோர்தாம்ரன் நகரத்து ஜேம்ஸ் ஷார்ப் என்பார் 1826ஆம் ஆண்டளவிலேயே தம் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். ஆயினும் காஸ் வெடிக்கும், உணவு நஞ்சாகும் என்று மக்கள் நெடுங்காலம் அஞ்சினர். கொழும்பிலோ காஸ் முதலில் விளக்குக்காகவே வந்தது. 1870களில் தெருவிளக்குகள் காஸில் எரிந்தன. புறக்கோட்டையில் காஸ் வேர்க்ஸ் வீதி என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நிலக்கரியை மூடிய கலங்களில் சூடாக்கிப் பெற்ற அந்தக் காஸ் நிலத்தடிக் குழாய்கள் வழியே சென்றது. நாம் வாங்கிய அடுப்பும் அந்தக் குழாய்க் காஸுக்காகச் செய்யப்பட்டதே. அது நின்றுபோன பின்னர் அம்மையார் வீட்டில் போறணைக்குள் பீங்கான்கள் அடுக்கப்பட்டன.

எம் அன்னையார் இச்செய்தியைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, தூக்கிக்கொண்டு ஓட ஏலாத சாமானை ஏன் வாங்கிறாய்?"

இக்கேள்வியை நாம் சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்தவர்கள். 1983 ஆடிக் கலவரத்தின்போது அன்னையார் வெள்ளவத்தையில் குடியிருந்தார். நாம் அப்போது கைக்குழந்தை. பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் மதிலுக்கு மேலால் எம்மை வாங்கி, அன்னையாரையும் இழுத்தெடுத்து, இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தனர். பின்னர் முகாம், அதன்பின் கப்பலில் காங்கேசன்துறை. வீடு எரிந்தது. அவர் கையில் எஞ்சியவை நாமும் ஒரு பால்மாப் பேணியும். வருடங்கள் கழித்துக் கொழும்புக்கு மீண்டார். ஆயினும் மடிப்புக் கதிரை, அலுமினியச் சட்டி, இரண்டு எரிவாய் கொண்ட மெல்லிய தகர அடுப்பு என்பவற்றுக்கு மேல் அவர் எதையும் வாங்கியதில்லை. இல்லாள் ஓர் அலுமாரி வாங்கியபோதுகூட அது கழற்றிப் பூட்டக்கூடியதா என்று விசாரித்தார்.

இம்முறை அவருக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் காஸ் அடுப்பு வெடித்த செய்தி நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நாள்தோறும் வந்தது. சிலிண்டரில் அடைக்கப்பட்ட புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியமை பற்றி ஊரெல்லாம் பேசிற்று. மறுவருடம் காஸே இல்லை. ஆற்றைக் கடந்தால் கெரவலப்பிட்டி. பெரிய காஸ் களஞ்சியம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் அயலில் வாழும் நாம், 4,860 ரூபாவுக்கு உயர்ந்த சிலிண்டருக்காக 2022 சித்திரை, வைகாசி மாதங்களில் வீதியோரத்தில் காவல் கிடந்தோம். விறகடுப்புக்குத் திரும்பியபோது அயலில் மிக இலகுவாகத் தீ மூட்டியவர் அன்னையாரே.

நாம் மறுமொழி சொல்லவில்லை. அடுப்பு வந்தது.

நாட்டாமிமார் நால்வர் வந்தனர். அவர்களுள் மூத்தவர் அடுப்பைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ஐயா, முதலில் இதைப் பட்டினி போடவேணும்" என்றார். எரிவாய்கள், சட்டி தாங்கும் கம்பிகள், போறணைத் தட்டுகள், ஈற்றில் கதவு என்று கழற்றக்கூடிய யாவும் கழன்றன. பின்னர் அலவாங்கால் ஒருபக்கம் நெம்பி, அடியில் இரும்புக் குழாய்களை வைத்து உருட்டினர். இழுக்க விடவில்லை; இழுத்தால் கால் முறியும், எனாமல் சிதறும். (குசினி, போறணை, அலவாங்கு என்னும் மூன்று சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. கோட்டையை விட்டுப் போனவர்கள் குசினியை விட்டுப் போகவில்லை.)

பட்டா லொறி எமது ஒழுங்கை முகப்போடு நின்றுவிட்டது. எஞ்சிய தூரத்தைக் கைவண்டியில் கடந்தோம். அயல்வீட்டு முஸ்லிம் இளைஞர் இருவர் தாமாகவே வந்து தோள்கொடுத்தனர். எதிர்வீட்டார் தம் முச்சக்கர வண்டியை நகர்த்தி வழிவிட்டார். குசினி வாயிலை அடைந்தபோதுதான் அடுப்பு இரண்டு அங்குலம் கூடுதலென்று தெரிந்தது. கல்லூரியில் ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கும் ஒருவர் அளவுநாடாவை மறந்தது எவ்வாறு என்று இல்லாள் கேட்டது நியாயமே. நிலை பெயர்க்கப்பட்டது. அன்னையார் தம் அறைக்குள் இருந்தார்.

உள்ளே வந்தபின் மட்டம் பார்க்கும் வேலை. மட்டக்குளியில் மட்டமான நிலம் கிடைப்பது அரிது போலும். சட்டியில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கினால் அடுப்பு சரிந்திருக்கிறது என்று பொருள். இரண்டு கால்களின் கீழ்த் தகடு வைத்துச் சரிசெய்தோம்.

காஸ் வேலை தெரிந்த பாஸ் ஒருவர் வத்தளையிலிருந்து வந்தார். அவர் முதலில் செய்த காரியம் எம்மைத் தடுத்ததுதான். "சேர், இதில் சிலிண்டரை அப்படியே பூட்டினால் வீட்டைப் பார்க்க முடியாது" என்றார். நிலக்கரிக் காஸில் ஏறக்குறையப் பாதி ஐதரசன். ஒரே கனஅளவில் சிலிண்டர்க் காஸ் அதைவிட ஐந்து மடங்குக்கு மேல் வெப்பம் தரும். ஆகவே காஸ் பாயும் பித்தளை மூக்குகளின் துளை மிகச் சிறிதாக வேண்டும். பெரிய துளையோடு எரித்தால் நெடிய மஞ்சட் சுவாலையும் கரியும் எழும். பழைய மூக்குகளைக் கழற்றிக் கடைசற் பட்டறையில் புதியன செய்வித்தோம். போறணைக் கதவின் பழைய அடைப்பு கல்நாராக இருக்கக்கூடும் என்று அதனை நனைத்து எடுத்து அகற்றினார். இன்னொன்றையும் வற்புறுத்தினார். நிலக்கரிக் காஸ் காற்றினும் இலேசானது, கசிந்தால் மேலெழும். சிலிண்டர்க் காஸ் காற்றினும் பாரமானது, நிலத்தோடு படிந்து கிடக்கும். ஆதலின் சிலிண்டர் வெளியே, காற்றோடும் இடத்தில், சமதரையில் வைக்கப்பட்டது. இணைப்புத்தோறும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

நுரை பூசும்போது அன்னையார் வாயிலில் வந்து நின்றார். பாஸ் எழுந்து, தூரிகையை அவரிடம் நீட்டினார். "அம்மா, நீங்களும் பாருங்கோ." அன்னையார் கண்ணாடியை அணிந்துகொண்டு ஒவ்வோர் இணைப்பையும் தாமே பூசிப் பார்த்தார். மூன்றாவது இணைப்பில் ஒரு குமிழி எழுந்தது. பாஸ் வெட்கத்தோடு ஸ்பனரை எடுத்தார்.

சுவாலை நீலமாக நின்றது. அன்னையார் பால் வைத்தார். பொங்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

போறணையை இன்னும் மூட்டவில்லை. தீ அணைந்தால் காஸைத் தானே நிறுத்தும் வால்வு அந்நாளைய அடுப்பில் இல்லை. அதைப் பூட்டாமல் தொடக்கூடாதென்பது பாஸின் கட்டளை.

மறுநாள் கதவு நிலையைத் திரும்பப் பொருத்த மேசன் வந்தார். அடுப்பை எப்போதாவது வெளியே எடுக்க நேரலாம் என்று, நிலையைக் கழற்றக்கூடியதாக ஆணியால் முடுக்கிவிடட்டுமா என எம்மிடம் கேட்டார். நாம் யோசித்து நின்றோம். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த அன்னையார் தலைநிமிராமலே சொன்னார்:

"சீமெந்து வைத்தே கட்டச் சொல்லு, தம்பி."