பழங்காகிதங்கள்

நம் பாட்டனார் ஓர் உபதேசியார். ஊர் ஊராக நடந்து ஊழியஞ்செய்த அவர், நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புப் புத்தகங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய நம் இல்லத்தில் இருந்தன. அவர் காலஞ்சென்றபின், வீட்டிற்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில், அவற்றைப் பழங்காகித வியாபாரியிடம் நிறுத்துப் போட்டுவிட்டோம். தராசுக்கு அருகில் நின்று எடை பார்த்தவர் நாமே. பல்லாண்டு கழித்து, அமெரிக்காவின் குடியேற்றக் காலச் சரித்திரத்தைக் கற்கப் புகுந்தபோதுதான் அச்செயலின் தன்மை நமக்கு விளங்கலாயிற்று.

அச்சரித்திரம் இன்று கற்கக் கிடைப்பதற்குப் பெருங்காரணமாயிருப்பவற்றுள் ஒன்று, பாஸ்டன் நகரிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் சரித்திர சங்கமாகும். ஜெரிமி பெல்நாப் என்னும் சபைப் போதகர், நண்பர் சிலரைக் கூட்டி 1791-ம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ந் தேதி அதனைத் தொடங்கினார். அந்நாட்டுச் சரித்திர சங்கங்களுள் அதுவே மூத்தது. அதே ஜனவரி 24-ந் தேதி இரவில், 1764-ம் ஆண்டு, ஹார்வர்டு கல்லூரியின் புத்தகசாலை எரிந்து பெரும்பாலும் சாம்பலாயிற்று. அன்று தப்பியவற்றுள், இரவலாக வெளியே சென்றிருந்த நூல்களும் உண்டு. (நூல்களைக் காலந்தாழ்த்தித் திருப்பும் நம் மாணாக்கர் இதனை நியாயமாகக் காட்ட முற்படுவாராயின், அதற்கு யாம் பொறுப்பாளியல்லேம்.)

பூட்டிவைத்த ஏடு என்றேனும் அழியும், பல பிரதிகளாகப் பரவிய ஏடே பிழைக்கும் என்பது பெல்நாப் கொண்ட கொள்கை. ஆகவே சங்கத்தார் 1792 முதலே தம் திரட்டுகளை அச்சிட்டு வெளியிட்டனர். கவர்னர் ஜான் வின்த்ராப் எழுதிய நாட்குறிப்பின் இரண்டாம் புத்தகம், சங்க அங்கத்தினரான ஜேம்ஸ் சாவேஜ் என்பாரிடம் இருக்கையில், 1825-ல் தீக்கிரையாயிற்று. ஆயினும் அதன் வாசகம் 1790-லேயே அச்சேறியிருந்தமையால் அழியவில்லை. பிளிமத் குடியேற்றத்தின் வரலாற்றை வில்லியம் பிராட்போர்டு தம் கைப்பட எழுதிய ஏடோ, பாஸ்டனிலிருந்து மறைந்து, 1855-ல் லண்டன் அத்தியட்சரின் புத்தகசாலையில் அடையாளங் காணப்பட்டது. மூல ஏடு தாய்நாடு திரும்பியது 1897-ல். சங்கத்தாரோ அதற்குக் காத்திராமல், பிரதி வருவித்து 1856-லேயே அச்சிட்டனர்.

கவர்னர்களுடைய ஏடுகளைப் போற்றுதல் எவர்க்கும் இயல்பு. நம் உள்ளத்தைத் தைத்தது வேறொன்று. 1761-ல் அடிமைச் சிறுமியாகப் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, 1773-ல் தம் கவிதைகளை நூலாக வெளியிட்ட பில்லிஸ் வீட்லி அம்மையார், ஓபர் டானர் என்னும் தோழிக்குக் கடிதங்கள் எழுதினார். அத்தோழியும் அடிமைப் பெண்ணே. செல்வமும் பதவியுமற்ற ஒருத்தி அக்காகிதங்களை வாழ்நாளெல்லாம் பேணிக் காத்தாள். அவை இன்று அச்சங்கத்தில் இருக்கின்றன. ஒரு தகரப்பெட்டியைக் காக்க நமக்கு இயலவில்லையே!

சங்கத்தின் வாசகசாலையில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்புகளும், ஆராய்ச்சியாளர்க்கு உதவித்தொகைகளும் உண்டு. 1956-ல் ஆதம்ஸ் குடும்பத்தார் அளித்த காகிதங்களுள், ஜான் ஆதம்ஸும் அபிகேல் அம்மையாரும் ஒருவர்க்கொருவர் எழுதிய ஆயிரத்திற்கு மேற்பட்ட கடிதங்களை, இணையத்தின் வாயிலாக எத்தேசத்து மாணாக்கரும் காணலாம். யாமும் அங்ஙனமே கண்டோம்.

நம் பாட்டனாரின் புத்தகங்களுள் ஒன்றுமட்டும், பெரிய அத்தையார் இரவல் வாங்கிச் சென்றிருந்தமையால் எஞ்சியது. மழை பொய்த்த ஓராண்டில், ஒவ்வொரு ஊர்க் கிணற்றிலும் எத்தனை முழத்தில் தண்ணீர் நின்றதென்று அதில் குறித்திருக்கிறார். அதனை மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைச் சென்ற மாதம் நம் கல்லூரிப் புத்தகசாலையில் ஒப்புவித்தோம். புத்தகசாலைத் தலைவர் அதனை மகிழ்வுடன் பெற்றுக்கொண்டு, ஏனைய புத்தகங்களை எப்பொழுது கொண்டுவருவீர்கள் என்று வினவினார்.