ஸ்ரீபெரும்புதூர் விருந்தாளிகள்

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே சென்ற நேயர்கள் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியிருப்பார்கள். 1998-ல் ஹூண்டாய் கம்பெனியார் அங்கே மோட்டார் உற்பத்தியைத் தொடங்கினார்கள்; 2010-ல் ஒரகடத்தில் நிஸ்ஸானும் ரெனோவும் தொடங்கின. இயந்திரங்களுடன் கொரிய, ஜப்பானிய நிபுணர்களும் வந்து குடியேறினர்.

ஸ்ரீபெரும்புதூரில் கொரிய லிபியில் எழுதிய போஜனசாலைப் பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தோம். கிம்ச்சி வந்தது. மிளகாய்ப் பொடியும் பூண்டும் சேர்த்துப் புளிக்க வைத்த கோசு. நம் ஊறுகாய்க்குத் தாயாதி என்னலாம். பக்கத்து மேஜையில் ஒரு நிபுணர் கைபேசித் திரையில் தம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா!" என்றது குழந்தை. நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொரிய மொழியிலும் அப்பா அப்பாதானாம்!

இவ்வூரில் அவதரித்த ஸ்ரீ ராமானுஜரும் அயலூர் வாசம் அறிந்தவரே. மேல்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார் என்பது வைஷ்ணவ மரபு. அவர் புறப்பட்டபோது, பிரிவாற்றாத சீடர்களுக்காக அங்கே வைத்த விக்கிரகமே 'தமருகந்த திருமேனி'.

கோயில் வாசலில் ஒடிஸாவிலிருந்து ஒப்பந்தக் கூலிக்கு வந்த இரண்டு பிள்ளைகளைக் கண்டோம். அவர்கள் லிபியில் பலகை மாட்டிய போஜனசாலை எதுவும் நம் கண்ணில் படவில்லை. "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று விசாரித்தோம்.

"சாம்பார் பழகிவிட்டது, அண்ணா. ஜகந்நாதர் தேரைப் பார்த்துத்தான் இரண்டு வருஷமாயிற்று" என்றார்கள், நல்ல தமிழிலேயே.